பொடக்காலி வீதி

அந்தக் காலத்தில் ஆறுகளுக்குக் கரை என்று ஒன்று கிடையாது. மேய்ச்சல் மாடு மாதிரி நினைத்த பக்கம் நடந்து போகும். இந்த வருஷம் ஒரு மலையடிவாரத்தில் படுத்திருக்கும். அலுத்துப்போனால் எழுந்து நாலு காதம் தள்ளி வேறொரு காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அப்போது மீன் பேசும், நாரை பேசும், ஆறும் பேசும். மனிதர்களும் பேசினார்கள். அன்றைக்கும் அதிகம் பேசியவர்கள் அவர்கள்தான்.

மற்ற ஆறுகளெல்லாம் அமைதியான இடம் தேடி அலைந்தன. செல்லி என்கிற ஆறு மட்டும் வேறு தினுசு. அவளுக்கு அமைதி ஆகவே ஆகாது. காட்டுக்குள் கொஞ்ச நாள் இருந்தாலே கொட்டாவி விட ஆரம்பித்துவிடுவாள். மான் வரும், “நல்ல தண்ணி” என்று சொல்லும், போகும். யானை வரும், அதுவும் “நல்ல தண்ணி” என்று சொல்லும், போகும். அதற்கு மேல் அதுகளுக்குப் பேச்சு வராது.

ஒரு நாள் உப்பு மூட்டை ஏற்றின பொதிமாடுகளோடு ஒரு கூட்டம் அவள் பக்கத்தில் இறங்கிச் சோறு ஆக்கியது. யார் மாடு யார் சட்டியை உதைத்து உடைத்தது என்று அவர்களுக்குள் சண்டை வந்தது. மத்தியானம் தொடங்கின சண்டை பொழுது சாய்ந்தும் ஓயவில்லை. நடுவே பாட்டு வந்தது, சிரிப்பு வந்தது, சண்டை போட்ட இரண்டு வீட்டுக்கும் ஒரு கல்யாணமே பேசி முடித்தார்கள். செல்லி வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் அவர்கள் கிளம்பினபோது அவளும் கூடவே கிளம்பினாள். அவர்கள் நின்ற இடத்தில் நின்றாள், நடந்தபோது நடந்தாள். போகிற வழியெல்லாம் தண்ணீரும் கூடவே வந்தால் யாருக்குத்தான் கசக்கும்? கடைசியில் ஒரு செம்மண் பூமிக்கு வந்ததும் இரண்டு தரப்புக்கும் கால் வலித்தது. அங்கேயே தங்கிவிட்டார்கள். அதுதான் எங்கள் ஊர், செம்மடு. ஆற்றைத் தேடிப் போய்க் குடியேறின ஊர்கள் எங்கும் உண்டு. ஊரைத் தேடி ஆறே வந்தது இங்கே மட்டும்தான். எங்கள் ஆட்கள் கொஞ்சம் தலைக்கனத்தோடு நடப்பதாகப் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்வார்கள். நடக்காமல் எப்படி இருப்பது?

ஊர் எழும்பியது. எல்லா வீட்டு வாசலும் செல்லியைப் பார்த்தே இருந்தது. விடியால எழுந்து வாசல் தெளித்துக் கோலம் போட்டால் முதலில் பார்ப்பவள் அவள்தான். எந்த வீட்டுக்காரி இன்றைக்குப் புள்ளி தப்பாக வைத்தாள், எந்த வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளவில்லை, எல்லாம் அவளுக்கு அத்துப்படி. மேல் துறையில் துணி வெளுக்கிற கல்லில் கேட்ட சங்கதியைக் கீழ்த் துறையில் மாடு கழுவுகிறவர்களிடம் கொண்டுவந்து சேர்ப்பாள். எங்கள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தவளும் அவளே. வயிற்றுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தாங்குவாள். தைரியம் வந்ததும் கையை எடுத்துவிடுவாள்.

ஊரின் கிழக்குக் கடைசியில் அங்காயி என்று ஒரு சாயக்காரி இருந்தாள். சாயவேரில் காய்ச்சிச் செல்லியின் தண்ணீரில் அலசினால் துணியில் ஒரு சிவப்பு ஏறும். அந்தச் சிவப்பு வேறு எந்த ஊரிலும் ஏறாது. துணி கிழியுமே தவிர நிறம் போகாது. கடலோரத்திலிருந்தும் மலைக்கு அப்பாலிருந்தும் அங்காயி சிவப்பு கேட்டு ஆள் வருவார்கள். அங்காயிக்குக் கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு நீளம். தெருவில் யாரையும் பேசவிட்டு அவள் கேட்டதில்லை. ரோசமும் ஜாஸ்தி. கல்யாணமான புதிதில் மாமியார் ஏதோ சொல்லிவிட்டாள் என்று புகுந்த வீட்டிலிருந்து நடந்தே பிறந்த வீட்டுக்கு வந்தவள்.

ஊர் வளர்ந்ததும் வண்டிப்பாதை வந்தது. அது வீடுகளுக்குப் பின்பக்கமாகப் போயிற்று. பாதையில் கடை வந்தது, கடை கடைவீதி ஆயிற்று. முதலில் ஒருத்தர் பின்சுவரை இடித்துப் பாதையைப் பார்த்து ஒரு வாசல் வைத்தார். வியாபாரம் நன்றாக நடந்தது. பக்கத்து வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? அவரும் வைத்தார். யாரும் கூடிப் பேசி முடிவு செய்யவில்லை. ஆனால் கொஞ்ச காலத்தில் எல்லா வீட்டுக் கோலமும் கடைவீதிப் பக்கம் போய்விட்டது. ஆற்றைப் பார்த்த பழைய வாசல்களைச் சுவர் வைத்து அடைத்து, பாத்திரம் கழுவின தண்ணீர் போக ஒரு துவாரம் மட்டும் விட்டார்கள். அடுப்புச் சாம்பலும் உடைந்த சட்டியும் சாயக் கழிவும் அந்தப் பக்கம் போய் விழுந்தன.

செல்லி ஒன்றும் சொல்லவில்லை. மனிதர்களோடு இருக்க ஆசைப்பட்டவள், அழுக்குக்கு அஞ்சினால் ஆகுமா? சாம்பலை அள்ளிக்கொண்டு போய் மணலில் படியவைத்தாள். கழிவை நாணல் காட்டுக்குள் விட்டு வடிகட்டினாள். கோலம் பார்க்க முடியவில்லையே என்ற ஒரு குறை மட்டும் அவளுக்கு இருந்தது.

அந்த வருஷம் அங்காயி தேக்கில் ஒரு கதவு செய்து கடைவீதி வாசலில் மாட்டினாள். கதவு முழுக்கக் கிளிகள் செதுக்கப்பட்டிருந்தன. பித்தளைக் குமிழ் பளபளத்தது. ஊரே வந்து பார்த்துவிட்டுப் போனது. அந்தச் சமயத்தில் கடலோரத்துத் துணி வியாபாரி ஒருவர் சாயத் துறைக்கு வந்து அவளிடம் கேட்டார்:

“அம்மா, சரக்கு எடுத்துட்டுப் போக நாளைக்கு வீட்டுக்கு வரணும். எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது? ஆத்தங்கரை வீடுன்னு சொன்னாங்க.”

அங்காயிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. அவ்வளவு கஷ்டப்பட்டுக் கதவு மாட்டியிருக்கிறாள், ஆற்றங்கரை வீடாமே!

“எவனுங்க சொன்னான் ஆத்தங்கரைன்னு? கடைவீதிக்கு வந்து கிளிக்கதவு எங்கீங்கன்னு கேளுங்க, கொழந்தை கூடக் காட்டும். ஆறு எங்கூட்டுப் பொடக்காலியில கெடக்குதுங்க!” என்றாள்.

எங்கள் பக்கத்தில் வீட்டின் புழக்கடையைப் பொடக்காலி என்போம். கோழி கட்டுகிற இடம், எச்சில் தட்டு கழுவுகிற இடம், ஈரத்துணியும் உடைந்த உரலும் கிடக்கிற இடம். வீட்டுக்கு வருகிற பெரிய மனுஷர்கள் யாரையும் அந்தப் பக்கம் கூட்டிப்போக மாட்டோம்.

செல்லி அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டாள். அவள் ஓட்டம் ஒரு கணம் அப்படியே நின்றது. கிளையிலிருந்து பாய்ந்த மீன்கொத்தி குறி தவறிச் சேற்றில் போய்க் குத்தியது.

“நானா பொடக்காலி?” என்றாள் செல்லி, தனக்குள். அவ்வளவுதான் சொன்னாள். அதற்கப்புறம் மேல் துறையிலும் கீழ்த் துறையிலும் அவள் யாரிடமும் பேசவில்லை.

மறுநாள் காலையில் அங்காயி துணியை அலசினாள். சிவப்பு நிற்கவில்லை. செங்கல் கழுவின தண்ணீர் மாதிரி வழிந்து ஓடியது. படிகாரம் பழசு என்று திட்டினாள். வேர் இளசு என்று திட்டினாள். மறுபடி முக்கி மறுபடி அலசினாள். துணி வெளுத்ததுதான் மிச்சம். அப்போதுதான் கவனித்தாள், நேற்று வரை முழங்கால் நனைந்த இடத்தில் இன்று கணுக்கால்கூட நனையவில்லை.

நாணல் புதருக்குள்ளிருந்து ஒரு நீர்நாய் தன் குட்டியைக் கழுத்தில் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. பின்னாலேயே இன்னும் இரண்டு குட்டிகள் தத்தித் தத்தி வந்தன.

“குட்டிங்களோட கெளம்பிட்டியாட்ட இருக்குது. தூரமா?” என்றாள் அங்காயி.

எங்கே போகிறாய் என்று அவள் கேட்கவில்லை. கிளம்புகிறவரை அப்படிக் கேட்கக்கூடாது என்பது எல்லா உயிருக்கும் பொதுவான விதி. கேட்டுவிட்டால் கிளம்பினவர் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கேட்டவர் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த பிறகே எழுந்து போகலாம். பொழுது சாய்வதற்குள் தண்ணீர் கொடுக்கத் தவறினால், அந்தப் பிரயாணத்தில் வரக்கூடிய கேடெல்லாம் கேட்டவர் தலையில் வந்து விழும். அதனால் தூரமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். எங்கள் பக்கம் இன்றைக்கும் அப்படித்தான் கேட்கிறோம்.

நீர்நாய் குட்டியைக் கீழே வைத்தது. “தூரந்தான். செல்லி நாளைக்கு வெடியால எந்திரிச்சுப் போறா. அவ இல்லாத ஊர்ல எங்களுக்கு என்ன சோலி?”

“போறாளா? எதுக்கு?”

“அவ யாரூட்டுப் பொடக்காலியோவாமே. பொடக்காலியில கெடக்கறதுக்கா அவ உங்க பின்னாடி அத்தனை தூரம் நடந்து வந்தா?”

நீர்நாய் குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விட்டது. அங்காயி ஈரத்துணியோடு அப்படியே நின்றாள். செல்லி போனால் சிவப்பு போகும், ஆடு மாடு போகும், ஊரே மூட்டை கட்டும். அதையெல்லாம்கூட நினைத்துப் பார்க்க முடிந்தது. ஆனால் ‘ஊரைத் தேடி வந்த ஆறு, அங்காயி வாயால் போன ஆறு’ என்று காலத்துக்கும் சொல்வார்களே! அதை நினைத்ததும் அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அழுகை செல்லிக்காக, ஆத்திரம் தன்மேல்.

சாயங்காலம் சந்தைத் திடலில் ஊர் கூடியது. துறைப் படிகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து வருவதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கொல்லுப்பட்டறைக்காரர் எழுந்து, “குறுக்க பாறையப் போட்டு மறிச்சுப்போடலாமுங்க” என்றார். செக்கு ஆட்டுகிறவர், “கெடா வெட்டிப் பொங்க வெக்கலாம்” என்றார். ஊர்த் தலைவர் நஞ்சப்பர் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்: “அதெல்லாம் வேண்டாம். எல்லாரும் போயி அவ கால்ல உழுந்து, போவாதீன்னு கெஞ்சுவோம்.”

கூட்டத்தின் கடைசியிலிருந்து அங்காயி முன்னால் வந்தாள்.

“கெஞ்சுனா வெரசாப் போவாளுங்க” என்றாள். “நான் மாமியாரூட்ல கோவிச்சுக்கிட்டு வந்தப்ப, பின்னால கெஞ்சிக்கிட்டே வந்தாங்க. கெஞ்சக் கெஞ்ச நான் எட்டி நடந்தேன். அவளும் என்னையாட்டத்தான். அவளைப் பொடக்காலின்னு சொன்னதும் நாந்தானுங்க. இந்த வாய்தான்.”

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

“நாளைக்கு வெடியால நான் போயி எங்க போறேன்னு கேக்கப்போறேன்.”

“அம்மிணி!” நஞ்சப்பர் பதறிப்போனார். “கேட்டா நீ தண்ணி குடுக்கோணும். ஆத்துக்குத் தண்ணி எங்கிருந்து குடுப்பே? குடுக்க முடியாட்டி அவ்வளவு பெரிய ஆத்தோட கேடு அத்தனையும் உன்ற ஒருத்தி தலையில உழுகும்.”

“சொன்ன வாய் என்னுதுதானுங்களே. கேக்கறதும் இந்த வாயாவே இருக்கட்டும்.”

விடியும்போது செல்லி எல்லாத் துறைகளிலிருந்தும் தண்ணீரைச் சுருட்டிக்கொண்டு ஊரின் கிழக்குக் கோடிக்கு வந்துவிட்டாள். பின்னால் வெறும் மணலும் துள்ளுகிற மீனும் கிடந்தன. முன்னால் திறந்த வெளி. அதற்கு முன்னால், தன் சாயத் தொட்டிகளுக்குப் பக்கத்தில், அங்காயி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். ஊர் முழுவதும் தூரத்தில் நின்று பார்த்தது.

“எங்க போறே?” என்றாள் அங்காயி.

செல்லி குமுறினாள். எழும்பின அலை அங்காயியின் தலைக்கு மேல் போய் நின்றது. “கெளம்புறவளப் பாத்து இந்தக் கேள்வி கேக்கலாமா? உனக்கு அறிவிருக்குதா?”

“இருந்திருந்தா அன்னைக்கு அப்படிப் பேசியிருப்பனா?”

விதி விதிதான். செல்லி உட்கார்ந்தாக வேண்டும். அவள் வேண்டுமென்றே சுற்றிப் பார்த்தாள். அங்காயியின் சாயத் தொட்டிகள் மேலேயே தொப்பென்று உட்கார்ந்தாள். தொட்டிகள் நொறுங்கின. ஒரு வருஷத்துச் சாயவேரும் காய்ச்சிவைத்த சிவப்பும் அவள் அடியில் போயின. உட்கார்ந்த இடம் பள்ளமாகி, பள்ளம் மடுவாகி, தண்ணீர் செக்கச்செவேலென்று ஆனது. அங்காயி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“நல்லா உக்காருங்க” என்றாள்.

“இதென்ன புதுசா ‘ங்க’ போடறே?”

“ஒறம்பரைக்கு மரியாதை குடுக்கோணுமுல்லீங்க.”

எங்கள் பக்கம் வீட்டுக்கு வருகிற உறவுக்காரர்களை ஒறம்பரை என்போம். செல்லி அந்தச் சொல்லைக் கேட்டதும் ஒரு மாதிரியாகச் சிரித்தாள்.

“ஒறம்பரையா? செரி. ஒறம்பரைக்குத் தண்ணி எங்க வெச்சுக் குடுப்பீங்க?”

“வாசல்லதானுங்க.”

“பொடக்காலியில வெச்சுக் குடுக்கற வழக்கம் உண்டா?”

அங்காயிக்குப் புரிந்துவிட்டது. “இல்லீங்க” என்றாள்.

“அப்ப உன்ற ஊட்டு வாசல்ல இருந்து எனக்குத் தண்ணி வரோணும். என்னையப் பாத்த வாசல்ல இருந்து. பொழுதுக்குள்ள வரலீன்னா நான் போயிருவேன்.”

அங்காயி பதில் சொல்ல நிற்கவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கடப்பாரையை எடுத்து, கிளிக்கதவின் கீலில் கொடுத்து நெம்பினாள். பார்த்துப் பார்த்துச் செய்த கதவு. ஒரு குமிழ் தெறித்துத் தெருவில் உருண்டது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை. கதவு பெயர்ந்ததும் உள்ளே போய், ஆற்றுப் பக்கம் அடைத்துவைத்த சுவரை இடிக்க ஆரம்பித்தாள். உச்சிவெயில் வரை இடித்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துப் போயின. சுவர் பாதிதான் விழுந்திருந்தது.

நஞ்சப்பர் வந்து பார்த்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சுவருக்கு மறுபக்கம் போய் நின்று இடித்தார். கொல்லுப்பட்டறைக்காரர் சம்மட்டியோடு வந்தார். அங்காயி வீட்டுச் சுவர் விழுந்ததும், எதிரே உட்கார்ந்திருந்த செல்லியின் முகம் அவர்களுக்குத் தெரிந்தது. அத்தனை காலம் அடைத்துவைத்திருந்த வெளிச்சம் வீட்டுக்குள் வந்து அடுப்படி வரை போயிற்று.

“இத்தனை அழகா இருந்திருக்குதே” என்றார் செக்கு ஆட்டுகிறவர். அவர் உடனே தன் வீட்டுக்கு ஓடினார். அப்புறம் ஊர் முழுக்கச் சுவர் விழுகிற சத்தம் கேட்டது. அன்றைக்குக் கடைவீதியில் ஒரு கடையும் திறக்கவில்லை. வாங்க வந்தவர்களும் இடிக்கப் போய்விட்டார்கள்.

கிளிக்கதவை ஆற்றுப் பக்கம் நிறுத்தினார்கள். அங்காயி அவசர அவசரமாக வாசலில் தண்ணீர் தெளித்தாள், ஒரு கோலம் போட்டாள். கொப்புளக் கையால் போட்ட கோலம், கோணல்மாணலாக வந்தது. சொம்பில் தண்ணீரை எடுத்துக்கொண்டு வாசற்படி இறங்கினாள். வெயில் மஞ்சளாகச் சாய்ந்துகொண்டிருந்தது.

“வாங்க. தண்ணி குடிங்க.”

செல்லி சொம்பை எட்டிப் பார்த்தாள். “இது என்ற தண்ணிதானே? முந்தாநேத்து என்கிட்ட மொண்டது.”

“மொள்ளும்போது உங்க தண்ணிங்க. எங்கூட்டுக் கொடத்துல ரெண்டு ராத்திரி தங்கியிருச்சு, எங்க கையி பட்டிருச்சு. இப்ப இது எங்கூட்டுத் தண்ணி. எங்கூட்டுக்கு வந்தவிகளுக்கு நான் குடுக்கறேன். வேண்டாம்னு சொல்லாதீங்க.”

செல்லி சொம்பை வாங்கிக் குடித்தாள்.

அவளிடம் மான் குடித்திருக்கிறது, யானை குடித்திருக்கிறது, இந்த ஊரில் பிறந்த அத்தனை பேரும் குடித்திருக்கிறார்கள். எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டே இருந்தவளை, நீ ஒரு வாய் குடி என்று எவரும் சொன்னதே இல்லை. அவளுக்குத் தாகம் என்று ஒன்று இருக்கும் என்று யார் நினைத்தார்கள்? அவளே நினைத்ததில்லை. சிவந்த மடுவில் சின்னச் சின்ன அலை எழும்பி அடங்கிற்று. செல்லி அழுகிறாள் என்று அங்காயிக்கு மட்டும் தெரிந்தது. அவளும் அழுதாள்.

அதற்குள் ஒவ்வொரு வீட்டு வாசலும் திறந்துகொண்டது. ஊர்க்காரர்கள் புழுதி படிந்த தலையோடு சொம்பும் குடமும் ஏந்தி இறங்கி வந்தார்கள். ஒரு வீட்டுத் தண்ணீரில் சீரகம் மணத்தது, ஒரு வீட்டுத் தண்ணீரில் வெட்டிவேர். குடியேறிக் கொஞ்ச நாளே ஆன ஒரு வீட்டில் சொம்பு இல்லை, உடைந்த சட்டியில் கொண்டுவந்தார்கள். செல்லி ஒருவரையும் விடாமல் எல்லோரிடமும் வாங்கிக் குடித்தாள்.

கடைசியில் அவள் எழுந்தாள்.

“நான் கெளம்பியாச்சு. கெளம்புன காலை மறுபடி உள்ள வெக்க முடியாது, அதுவும் விதிதான்” என்றாள். “கடலுக்குப் போறேன்.”

இவ்வளவு செய்தும் போகிறாளே என்று அங்காயிக்குத் தோன்றியது. ஆனாலும் கெஞ்சவில்லை. படியிலேயே நிமிர்ந்து நின்றாள். செல்லி நாலு அடி போனாள். நின்றாள். திரும்பி, வரிசையாகத் திறந்து கிடந்த வாசல்களை ஒருமுறை பார்த்தாள். கோணல் கோலத்தையும் பார்த்தாள்.

“அங்காயி, புள்ளி தப்பு” என்றாள். “போய்ட்டு வர்றேன்.”

அப்படி ஒரு வார்த்தையை அதுவரை உலகத்தில் யாரும் சொன்னதில்லை. போகிறவர்கள் போகிறேன் என்பார்கள், வருகிறவர்கள் வருகிறேன் என்பார்கள். இரண்டையும் ஒரே வாயில் சேர்த்துச் சொன்னவள் எங்கள் செல்லிதான்.

“எப்பங்க?” என்று கத்தினாள் அங்காயி.

“ஆடியில. வாசல் தெறந்திருக்கோணும்” என்றது தூரத்திலிருந்து குரல். உட்கார்ந்த இடத்தில் மடுவை மட்டும் விட்டுவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்தக் கோடை ஊருக்குச் சோதனையாகத்தான் இருந்தது. மடுத் தண்ணீரை அளந்து குடித்தார்கள். சிலர், “போனவ எங்க வரப்போறா, கதவை மறுபடி கடைவீதிக்கே மாத்திரலாம்” என்றார்கள். “மாத்துனா நான் வந்து உன்ற ஊட்டு முன்னாடி நின்னு எங்க போறேன்னு தெனமும் கேப்பேன்” என்றாள் அங்காயி. அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை. மடுவின் சிவந்த தண்ணீரில் அவள் ஒரு நாள் சும்மா ஒரு துணியை முக்கிப் பார்த்தாள். சிவப்பு ஏறிற்று, முன்னைவிட அழுத்தமாக.

ஆடி பிறந்தது. ஒரு நாள் காலையில் மேற்கே மேகம் கறுத்துக் கிடந்தபோது நாணல் புதருக்குள் சலசலப்பு கேட்டது. வளர்ந்த குட்டிகளோடு நீர்நாய் வந்து நின்றது. “நாங்க முன்னாடி ஓடியாந்தோம். பின்னால வந்துக்கிட்டிருக்கா” என்றது. அது சொல்லி முடிப்பதற்குள் மலைச் சருகும் நுரையும் செம்மண்ணுமாக, கொள்ளாத பேச்சோடு, செல்லி எல்லாத் துறைப் படிகளிலும் ஏறி வந்தாள். அங்காயி கையில் சொம்போடு வாசலில் நின்றாள்.

இப்போது எங்கள் ஊர் பெரிய நகரம். கடைவீதியில் நகைக்கடையும் ஜவுளிக்கடையும் அடுக்கு மாடியாக எழும்பிவிட்டன. நகராட்சி அந்த வீதிக்கு என்னென்னவோ பெரிய பெயரெல்லாம் வைத்துப் பலகை மாட்டிப் பார்த்துவிட்டது. ஒருத்தர் வாயிலும் அது நுழையவில்லை. பஸ் கண்டக்டர் இன்றைக்கும், “பொடக்காலி வீதியெல்லாம் எறங்கு!” என்றுதான் கத்துகிறார். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எங்களுக்குக் கடைவீதிதான் பொடக்காலி, ஆறுதான் வாசல். கோடையில் செல்லி கடலுக்குப் போய்விடுவாள், ஆனாலும் மடு வற்றாது. சில வருஷம் அவள் ஆசை மிகுந்து வாசற்படி தாண்டி வீட்டுக்குள்ளேயே வந்துவிடுவதும் உண்டு. நாங்கள் பாயைச் சுருட்டி மேலே வைத்துவிட்டு, ஒறம்பரை வந்திருக்குது என்போம்.

அன்று முதல்தான், ஆடியில் இரண்டு பக்கமும் தளும்பிக்கொண்டு செல்லி வருகிற நாளில், செம்மடுவில் ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஆற்றைப் பார்த்த வாசலில் ஒரு சொம்புத் தண்ணீரோடு நின்று, “வாங்க, தண்ணி குடிங்க” என்று சொல்லி அதை அந்த வெள்ளத்தில் ஊற்றுகிறார்கள்.